சான் சான்: மூடிக் காக்க வேண்டிய நகரம்

பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில், துருஹியோ நகர மையத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, சுட்ட செங்கல் ஒன்றுகூட இல்லாமல் எழுந்த தலைநகரம் ஒன்றின் இடிபாடுகள் பரந்து கிடக்கின்றன. சான் சான் என்பது அதன் பெயர். சிமூ மக்கள் அதை ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் கட்டத் தொடங்கி, 1470-ஐ ஒட்டி இன்காக்கள் படையெடுத்து வரும்வரை விரித்துக்கொண்டே போனார்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர்; நெருக்கமாகக் கட்டடங்கள் நின்ற நடுப்பகுதி மட்டும் 6 சதுர கிலோமீட்டர். ஐரோப்பியர் வருகைக்கு முன் தென் அமெரிக்காவில் எழுந்த மண் நகரங்களில் இதைவிடப் பெரியது எதுவுமில்லை.

1986-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டில் ‘ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியம்’ என்ற பட்டியலிலும் சேர்த்தது. பெருமையும் எச்சரிக்கையும் ஒன்றாக வந்தன. பாதுகாப்பு ஏற்பாடு கூடவே இல்லாத எந்த அகழாய்வும் இனி இங்கே நடக்கக்கூடாது என்று அந்த ஆண்டே உலகப் பாரம்பரியக் குழு பரிந்துரைத்தது. சான் சானைப் பற்றி எழுதப்பட்ட வரிகளில் இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கற்கோயிலைத் தோண்டி எடுத்தால் அது நிற்கும். மண் நகரத்தைத் தோண்டி எடுத்து அப்படியே விட்டால், தோண்டியவர் கண்முன்னாலேயே அது கரையத் தொடங்கும். இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

மண்ணால் இவ்வளவு பெரிய நகரத்தைக் கட்டும் துணிவு எங்கிருந்து வந்தது? அந்தக் கடற்கரையின் வானிலையைப் பார்த்தால் புரியும். தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் என்ற குளிர் நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறது. குளிர்ந்த கடல்மேல் காற்று எழும்பி மழை மேகமாவதில்லை. ஆண்டின் பல மாதங்கள் சாம்பல் நிறப் பனிமூட்டம் கவிந்திருக்கும். சுவர் ஈரமாகும் அளவுக்குத் தூறும். மழை என்று சொல்லத்தக்கது வழக்கமான ஆண்டில் சில மில்லிமீட்டர்தான். ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கும் மோச்சே ஆறு பாலைக்கு நடுவே ஒரு பச்சைப் பட்டையை உண்டாக்குகிறது. அந்த ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், பாலை மணல், வெயில் ஆகிய மூன்றும் அங்கே தாராளமாகக் கிடைத்தன. மரமோ அரிது.

மண் வேலையில் சிமூக்கள் முன்னோடிகளும் அல்லர். அதே பள்ளத்தாக்கில் அவர்களுக்கு முன் வாழ்ந்த மோச்சே மக்கள் ‘சூரிய வாகா’ என்று இன்று அழைக்கப்படும் மாபெரும் மேடையை எழுப்பியிருந்தார்கள். அதில் 14 கோடிக்கும் மேற்பட்ட சுடாத செங்கற்கள் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் கணக்கு. அந்தக் கற்களில் பலவற்றின்மேல் விரலால் அழுத்திய புள்ளி, கோடு, வளைவு, பாத வடிவம் எனக் குறிகள் உண்டு. நூற்றுக்கும் மேலான வகைகள் தெரியவந்துள்ளன. எந்த ஊர்க்காரர் எத்தனை கல் அறுத்துத் தந்தார் என்று கணக்கு வைக்க அவை பயன்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். வரி உழைப்பாகச் செலுத்தப்பட்ட சமூகம் அது. சுவரைத் தொடர்ச்சியாகக் கட்டாமல் பத்திப் பத்தியாகப் பிரித்து எழுப்பி, பத்திகளுக்கிடையே இணைப்புக் கோட்டை விட்டுவைக்கும் முறையும் அவர்களிடமிருந்தே சிமூக்களுக்கு வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பத்தி என்று வேலையைப் பங்கிட அது வசதி. நிலநடுக்கம் அடிக்கடி வரும் அந்த நாட்டில் ஒரு பத்தியில் விழுந்த விரிசல் அடுத்ததற்குத் தாவாமலும் தடுத்திருக்கும்.

சான் சானின் பெருஞ்சுவர்கள் ஆற்றுக்கல் அடித்தளத்தின்மேல் நிற்கின்றன. அடி அகன்று மேலே போகப் போகக் குறுகும். உயரம் 9 மீட்டர் வரை. சில இடங்களில் பச்சைக் கல் அடுக்கு. சில இடங்களில் ஈரமண்ணை இடித்துக் கெட்டித்த சுவர். மேலே வழுவழுப்பான மண்பூச்சு. அந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதில் உருவங்களைச் செதுக்கினார்கள். செங்கல்லின் வடிவமும் காலப்போக்கில் மாறியது: ஆரம்பத்தில் தட்டையாக இருந்தது பின்னாளில் உயர்ந்து நின்றது. கல்லின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து, எந்த அரண்மனை முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தியவர் தொல்லியலாளர் ஆலன் கொலாட்டா. எழுத்தே இல்லாத ஒரு நாகரிகத்தில், வரலாற்றுக் குறிப்பேட்டின் வேலையை வெறும் மண்கல் செய்திருக்கிறது.

நகரத்தின் நடுவே பத்துப் பெரும் வளாகங்கள் உள்ளன. அவற்றைக் கணக்கிடும் முறையைப் பொறுத்துச் சில நூல்கள் ஒன்பது என்றும் சொல்லும். ஒவ்வொன்றும் உயர்ந்த மதிலால் சூழப்பட்ட நீள்சதுரம். நெடுங்காலம் அவற்றில் பல 19-ஆம் நூற்றாண்டில் வந்து ஆராய்ந்தவர்களின் பெயர்களால், ரிவேரோ, சூடி, ஸ்குயர், பாண்டிலியர் என்று அழைக்கப்பட்டன. இப்போது அந்த நிலத்தின் பழைய மொழிகளைக் கொண்டு பெயர்கள் சூட்டியிருக்கிறார்கள். சூடி வளாகம் ‘நிக் ஆன்’ ஆனது; கிரான் சிமூ ‘உட்ஸ் ஆன்’ ஆனது. பயணிகளுக்குப் பெரும்பாலும் திறந்திருப்பது நிக் ஆன் மட்டும்தான். அதை ஒரு குறையாகப் பலர் எழுதுகிறார்கள். அது சரியான முடிவு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நிக் ஆனுக்குள் நுழைய வடக்குப் பக்கத்தில் ஒரே வாசல். மற்ற வளாகங்களிலும் பெரும்பாலும் இப்படித்தான். நுழைந்ததும் எதிர்ப்படுவது பரந்த முற்றம். அதன் தென்கோடியில் ஒரு சாய்தளம் ஏறி மேடையைத் தொடுகிறது. முற்றத்தைச் சுற்றிய சுவரின் அடிப்பகுதியில் வால் தூக்கிய சிறு விலங்குகள் வரிசையாக நடக்கின்றன; அணில் என்பார் சிலர், நீர்நாய் என்பார் சிலர். அங்கிருந்து ஒரு நடை மீன்களும் கடற்பறவைகளும் செதுக்கிய சுவரை ஒட்டிச் செல்கிறது. மீன் வரிசைகள் எதிரெதிர்த் திசையில் நீந்துகின்றன. ஒன்று தெற்கிலிருந்து வரும் குளிர் நீரோட்டம், மற்றது வடக்கிலிருந்து வரும் வெந்நீரோட்டம் என்று வழிகாட்டிகள் விளக்குவது வழக்கம். கேட்க அழகான விளக்கம். அதை நிறுவுவதற்குச் சுவரில் வேறு சான்று கிடையாது. மீனவர் சமூகம் ஒன்று தன் கடலைச் சுவரில் வரைந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுத்து வரும் சுவர்கள் முழுக்கச் சாய்சதுரத் துளைகள் கொண்ட வலை வடிவம். வெயில் சாயும் நேரத்தில் நிழலும் ஒளியும் அந்தத் துளைகளில் மாறி மாறி விழுந்து, உண்மையிலேயே ஒரு மீன்வலையைச் சுவரில் உலர்த்தியது போலிருக்கும்.

வலை வடிவச் சுவர்களுக்கு நடுவே ‘ப’ வடிவத்தில் சிறு அறைகள் வருகின்றன. ஆய்வாளர்கள் இவற்றை ‘ஆடியென்சியா’ என்பார்கள். மேலாளர் ஒருவர் அமர்ந்து வருவோரை விசாரித்த இடம் என்று கொள்ளலாம். அவற்றைத் தாண்டினால் வரிசை வரிசையாகக் களஞ்சிய அறைகள். ஒவ்வொன்றின் நிலைப்படியும் உயரமானது. உள்ளே எதையும் எளிதில் இழுத்துச் செல்ல முடியாது. 1969 முதல் 1970-களின் நடுப்பகுதி வரை மைக்கேல் மோஸ்லி, கரோல் மேக்கி தலைமையில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு நடத்திய ஆய்வு, இந்த ‘ப’ வடிவ அறைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் உள்ள உறவை வெளிக்கொணர்ந்தது. வளைந்து வளைந்து செல்லும் நடைகள், ஓராள் மட்டும் நுழையும் வாசல்கள், வழியில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர், அதற்கப்பால் பொருள். நகரத்தின் இதயம் ஒரு கிடங்கு. சுமார் 1,000 கிலோமீட்டர் நீளக் கடற்கரையை ஆண்ட அரசு, எவர் உள்ளே வரலாம், எதை எடுத்துப் போகலாம் என்பதை மண்சுவரைக்கொண்டே எழுதி வைத்திருந்தது.

வளாகத்தின் தென்மேற்கை நோக்கி நடந்தால் திடீரென்று ஒரு குளம். கோரை அடர்ந்து, நீர்க்கோழி நீந்தும் பசுமை. நிலத்தடி நீர்மட்டம் வரை தோண்டி இறக்கிய இந்தப் பள்ளங்களை ‘வாச்சாகே’ என்கிறார்கள். நகரம் முழுவதும் படியிறங்கிச் சென்று நீர் மொள்ளும் கிணறுகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. கடலோரத்தில் பள்ளம் தோண்டி அந்த ஈரத்தில் பயிர் செய்த தோட்டங்களும் இருந்தன. அருகிலுள்ள வாஞ்சாகோ மீனவர்கள் இன்றும் அத்தகைய பள்ளங்களில் கோரை வளர்த்து, அதை அறுத்துக் கட்டி, ‘காபயீத்தோ’ என்னும் ஒற்றையாள் கோரைத் தெப்பத்தில் அலைமேல் செல்கிறார்கள். சான் சான் காலத்திலிருந்து அறுபடாமல் தொடரும் ஒரே கைத்தொழில் அநேகமாக இதுதான். சான் சானுக்குச் செல்பவர் வாஞ்சாகோவுக்கும் போய் இந்தக் கோரைப் பள்ளங்களைப் பார்க்காமல் திரும்பக்கூடாது.

பத்து வளாகங்கள் எதற்கு? அரசர் ஒருவர் இறந்ததும் அவருடைய அரண்மனை அவர் நினைவிடமாகிவிடும். பட்டத்துக்கு வந்தவர் தனக்கெனப் புதிதாகக் கட்டிக்கொள்வார் என்பது ஜெஃப்ரி கான்ராட் போன்ற தொல்லியலாளர்கள் முன்வைத்த கருத்து. பதவி ஒருவருக்கு, சொத்து பிறருக்கு என்று பிரியும் இந்த முறை இன்காக்களிடம் இருந்தது தெரிந்ததே. சிமூ வளாகங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு புதைமேடை உண்டு. நடுவில் அரசருக்கான அறை, சுற்றிலும் சிறு அறைகள். லாஸ் அவிஸ்பாஸ் என்ற மேடையைத் தாமஸ் போஸோர்ஸ்கி ஆராய்ந்தபோது கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை இளம்பெண்களுடையவை. அரசரோடு போனவர்கள் அவர்கள்.

கான்ராடின் விளக்கம் கச்சிதமானது. அதனாலேயே அதை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1604-ல் எழுதப்பட்ட ஒரு துருஹியோ வரலாற்றுக் குறிப்பு, கட்டுமரம் ஏறிக் கடல்வழியே வந்த தாய்கனாமோ என்பவரை முதல் அரசராகவும் மிஞ்சன்சாமனை இன்காக்களிடம் தோற்ற கடைசி அரசராகவும் சொல்கிறது. இடையிலுள்ள அரசர்களின் எண்ணிக்கையை அரண்மனைகளோடு பொருத்தும் முயற்சிகள் தடுமாறுகின்றன. ஒரே காலத்தில் இரண்டு வளாகங்கள் இயங்கியிருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. புதைமேடைகள் எல்லாமே சூறையாடப்பட்டுவிட்டதால் முடிவு சொல்லக்கூடிய சான்று போய்விட்டது.

மதில்களுக்கு வெளியே இருந்தவர்களைப் பற்றிப் பயணிகளுக்குச் சொல்வார் குறைவு. கோரையும் மூங்கில் போன்ற நாணலும் கொண்டு வரிச்சு கட்டி மண் பூசிய சிறு வீடுகளில், நெருக்கியடித்துக்கொண்டு, நகரத்தின் பெரும்பகுதி மக்கள் வாழ்ந்தார்கள். செம்பும் வெள்ளியும் தட்டியவர்கள், பருத்தியும் லாமா மயிரும் நெய்தவர்கள், மரம் செதுக்கியவர்கள். மொத்த மக்கள்தொகை 30,000 முதல் 60,000 வரை இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. இன்காக்கள் வென்றதும் முதலில் கொண்டுபோனது இவர்களைத்தான்: சிமூப் பொற்கொல்லர்களைக் குஸ்கோவுக்குக் குடிபெயர்த்தார்கள். கைவினைஞர் போன பிறகு நகரம் மெல்லக் காலியானது. 1530-களில் ஸ்பானியர் வந்து பக்கத்திலேயே துருஹியோவை நிறுவியபோது அது பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது.

பிறகு வந்தது சூறை. புதையல் எடுப்பது சுரங்கத் தொழில் போலவே உரிமம் பெற்று நடந்தது. கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்பெயின் மன்னருக்கு. 16-ஆம் நூற்றாண்டில் கார்சியா குட்டியெரெஸ் டி டொலேடோ என்பவர் இங்கே தோண்டி எடுத்த பொன், அவர் பெயரிலேயே ஒரு மேடை வழங்கும் அளவுக்குப் பேசப்பட்டது. சூரிய வாகாவுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை: உள்ளே இருக்கும் பொன்னை எடுப்பதற்காக 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோச்சே ஆற்றையே திருப்பி அதன்மேல் விட்டார்கள். அந்த மேடையின் பெரும்பகுதி கரைந்தோடியது. மண் கட்டடத்துக்கு எதிரி எது என்று கொள்ளைக்காரர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அந்த எதிரி அவ்வப்போது தானாகவும் வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே நகர்ந்து பெருக் கரையைத் தொடுகிறது. குளிர் நீரோட்டம் அடங்குகிறது. பாலைவனத்தில் மழை கொட்டுகிறது. எல் நினோ என்று உலகம் அறிந்த நிகழ்வு இது. 1925, 1982–83, 1997–98 ஆகிய ஆண்டுகள் அந்தக் கரையில் கொடியவை. 2017 மார்ச்சில் துருஹியோவின் தெருக்களில் சேற்று வெள்ளம் மீண்டும் மீண்டும் பாய்ந்தது. தமிழ் வாசகர்களுக்கும் இந்த நிகழ்வு அந்நியமானதன்று. 1876–78 காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்ததற்குப் பின்னால் இருந்ததும் ஒரு கடுமையான எல் நினோதான். கடலின் அதே அசைவு பெருவில் வெள்ளமாகவும் இங்கே வறட்சியாகவும் வந்து சேர்ந்தது.

சிமூக்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு ஓர் உறையவைக்கும் சான்று சான் சானுக்கு மிக அருகிலேயே கிடைத்திருக்கிறது. 2011-ல் வாஞ்சாகீத்தோ என்ற இடத்தில் கப்ரியேல் பிரியேத்தோவின் குழு தோண்டத் தொடங்கியது. 140-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர், 200-க்கும் மேற்பட்ட இளம் லாமாக்கள். எல்லாம் 1450-ஐ ஒட்டி, ஒரே நிகழ்வில் பலியிடப்பட்டவை. மார்பு எலும்பில் குறுக்கு வெட்டு. அவர்கள் கிடந்த மணலின்மேல் கெட்டியான சேற்றுப் படலம். அதில் சிறு பாதங்களின் தடங்கள். அந்தச் சேறு மழை பெய்ததைச் சொல்கிறது. பெருமழையை நிறுத்த மன்றாடிய பலியாக இது இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் எண்ணம். மண்ணால் கட்டிய தலைநகரமும் கால்வாயால் பிழைக்கும் வயலும் கொண்ட மக்களுக்கு மழை என்றால் என்ன என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த நூலும் சொல்லாது.

எல் நினோவை எதிர்பார்த்து ஏற்பாடு செய்யலாம். 1997–98-ல் அப்படிச் செய்தார்கள். முன்கூட்டியே தற்காலிகக் கூரை போட்டு, வடிகால் வெட்டி, புடைப்புச் சிற்பங்களை மூடியதால் இழப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் சத்தமில்லாமல் நடக்கும் அழிவு வேறொன்று இருக்கிறது: கீழிருந்து ஏறும் ஓதம். நிலத்தடி நீர் சுவரின் அடியில் உறிஞ்சப்பட்டு மேலே ஏறுகிறது. கூடவே உப்பையும் தூக்கிச் செல்கிறது. கடற்காற்றும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவந்து படியவைக்கிறது. பகலில் சுவர் காயும்போது உப்பு படிகமாகி விரிகிறது. இரவுப் பனியில் மறுபடி கரைகிறது. நாள்தோறும் இந்த விரிவும் கரைவும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்து உதிர்வது இதே வேதியியல்தான். சான் சானில் அது சுவரின் அடியைத் தின்கிறது. அடி மெலிந்த சுவருக்கு அடுத்த நிலநடுக்கமோ அடுத்த மழையோ ஒரு சாக்கு மட்டுமே.

நிலத்தடி நீர் ஏன் ஏறுகிறது? சுற்றிலும் பாசனம் பெருகியதால். சாந்தா ஆற்றின் நீரை வடக்கே பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் கொண்டுசெல்லும் சாவிமோச்சிக் திட்டம் பாலையை விளைநிலமாக்கியிருக்கிறது. உழவருக்கு அது வாழ்வு. இடிபாட்டுக்கோ கீழிருந்து வரும் வெள்ளம். நிக் ஆனின் குளத்தில் நீர்மட்டம் உயர்ந்து, வடிகால் அமைத்து இறக்க வேண்டியதாயிற்று. அத்தோடு, துருஹியோவிலிருந்து வாஞ்சாகோ செல்லும் நெடுஞ்சாலை இந்த நகரத்தின் ஊடாகவே ஓடுகிறது. எல்லையோரங்களில் உழுகிறார்கள், குப்பை கொட்டுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள். காப்பதற்கு முதலில் தேவைப்படுவது வேலியும் வாய்க்காலும்தான். அவற்றைப் படம் எடுத்து யாரும் செய்தி போடமாட்டார்கள் என்பதால் அவற்றுக்கான பணமும் தாமதமாகவே வருகிறது.

சுவர்களைக் காக்கச் செய்த முயற்சிகளின் வரலாறு நீளமானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிக் ஆனில் பல சுவர்கள் புதுக் கற்களால் உயர்த்திக் கட்டப்பட்டன. பயணிக்கு நகரம் எப்படி இருந்திருக்கும் என்று புரிய அது உதவியது உண்மை. எது பழையது, எது புதியது என்ற கோடு மங்கியதும் உண்மை. 1970-களில் எத்தில் சிலிகேட் என்ற வேதிப்பொருளைப் புடைப்புச் சிற்பங்களில் ஊறவிட்டு மண்ணை இறுக்கிப் பார்த்தார்கள். மேற்பரப்பு இறுகியது, ஆனால் அடியிலிருந்து ஏறும் உப்பை எந்த மருந்தாலும் தடுக்க முடியாது. 1996-லும் 1999-லும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் பிரான்ஸின் க்ராதேர் நிறுவனமும் பெரு அரசும் சேர்ந்து சான் சானிலேயே மண் கட்டடக் காப்புப் பயிற்சிகளை நடத்தின. லத்தீன் அமெரிக்கா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் இந்த இடத்தைப் பள்ளிக்கூடமாகக் கொண்டு கற்றார்கள். அந்த அனுபவத்திலிருந்து தேறியது எளிய பாடம்: பழைய சுவரின் தலையில் புது மண்ணால் ஒரு மூடி போடு, மழை அதைத் தின்னட்டும், சிற்பத்தைப் பதிவு செய், மணலால் மூடு, முன்னால் அதன் நகலாகப் படி ஒன்றை நிறுத்து.

மாலி நாட்டின் ஜென்னே பெரிய மசூதியும் மண்ணால் ஆனதே. இப்போதுள்ள கட்டடம் 1907-ல் எழுந்தது. மழைக்காலத்துக்கு முன் ஊரே திரண்டு அதற்குச் சேறு பூசுகிறது. பூச்சு போனால் மறு ஆண்டு மறு பூச்சு. அங்கே எது மூலம் என்ற கேள்வியே எழாது, ஏனெனில் தொழுகை நடக்கிறது, கொத்தனார் பரம்பரை இருக்கிறது. சான் சானுக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்திருக்கும். உழைப்பையே வரியாக வாங்கிய அரசு, சுவருக்கு ஆண்டுதோறும் ஆள் அனுப்பியிருக்கும். மண் சுவர் என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளல்ல, ஓயாத பராமரிப்பு. அதைச் செய்த சமூகம் கலைந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்று சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு காப்புக் குழுதான் அந்த இடத்தில் இருக்கிறது. 20 சதுர கிலோமீட்டரை அவர்கள் ஆண்டுதோறும் பூசிக்கொண்டிருக்க முடியாது. பூசினாலும் சில பத்தாண்டுகளில் சிமூக்கள் தொட்ட மண் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே மிஞ்சும் வழி புதைத்து வைப்பதுதான் என்பது என் முடிவு. ஐந்நூறு ஆண்டுகளாக இந்தச் சிற்பங்களைக் காப்பாற்றி வந்தது மேலிருந்து சரிந்த சுவரின் சொந்த மண்ணே. 2018-ல் உட்ஸ் ஆனில் நடந்த கண்டுபிடிப்பு இதற்கு நல்ல சாட்சி. ஒரு நடையின் இருபுறமும் மாடக்குழிகளில் மரச் சிலைகள் நின்றன. 20-ல் 19 நல்ல நிலையில் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரம், முகத்தில் மண் முகமூடி, வயது சுமார் 750 ஆண்டு. சுவரில் அலை வடிவங்களும் சதுரங்கக் கட்டங்களும் விலங்குருவங்களும். உலகச் செய்தித்தாள்கள் படம் போட்டன. மரத்தையும் மண்பூச்சையும் அத்தனை காலம் தாங்கி நின்றது அவற்றை மூடியிருந்த இடிமண். திறந்த நாளிலிருந்து அந்த நடை பனிக்கும் உப்புக்கும் காற்றுக்கும் முகம் கொடுக்கத் தொடங்கிவிட்டது.

இதற்கு மறுப்பு உண்டு. மண்ணுக்கடியில் கிடக்கும் நகரத்துக்கு யார் பணம் தருவார்கள், பார்க்க முடியாததை உள்ளூர் மக்கள் எப்படி நேசிப்பார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துருஹியோவுக்குப் பயணிகள் வருமானம் தேவை. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் முன்னோர் கட்டியதைக் கண்ணால் காண வேண்டும். அதற்குத்தான் நிக் ஆன் இருக்கிறது. ஒரு வளாகத்தைத் திறந்து, அதில் புதுக் கட்டுமானத்தையும் படிகளையும் ஒளிக்காமல் வேறுபடுத்திக் காட்டி, எல்லாத் தேய்மானத்தையும் அதுவே ஏற்கும்படி விடலாம். மீதியை அளந்து, படமெடுத்து, வரைபடமாக்கி, மண்ணாலேயே மூடி வைக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துருஹியோ ஆயர் மார்த்தினெஸ் கொம்பன்யோன் வரையச் செய்த திட்டப்படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்கு உதவுகின்றன. இன்றைய வான்படங்களும் முப்பரிமாண அளவீடுகளும் அதைவிடப் பன்மடங்கு உதவும். தோண்டும் ஆசையை அடுத்த தலைமுறைக்கு விட்டுவைப்பதே நேர்மை. அவர்களிடம் நம்மிடம் இல்லாத வழிகள் இருக்கக்கூடும்.

சான் சானுக்குப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டியது சில உண்டு. ஏப்ரல் வரை நீளும் கோடையில் வெயில் கடுமை; நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். சான் சானின் காட்சிக்கூடத்தை முதலில் பாருங்கள். பிறகு நிக் ஆன் போனால் எது எங்கே என்பது விளங்கும். அம்புக்குறி காட்டும் பாதையை விட்டு இறங்காதீர்கள்; சுவரில் சாயாதீர்கள், கை வைக்காதீர்கள்; காலடியில் மேடாகத் தெரிவது பெரும்பாலும் சரிந்த சுவரின் தலை. எந்தச் சிற்பம் மூலம், எது படி என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்கும் பயணிகள் பெருகினால் பதிலும் நேர்மையாக வரும். மற்ற ஒன்பது வளாகங்கள் ஏன் மூடியிருக்கின்றன என்று யாராவது குறைபட்டால், மூடியிருப்பதால்தான் அவை இருக்கின்றன என்று சொல்லுங்கள்.